நம்பிக்கை போதாது, கணக்கு வேண்டும்

தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் முள் நிறைந்த இலைகளோடும் மஞ்சள் மலர்களோடும் நிற்கும் பிரம்மதண்டை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆடு, மாடுகளும் ஒதுக்கும் இந்தக் களைச்செடி, மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் மலேரியா மருந்தாக முறைப்படி பரிசோதிக்கப்பட்டது. மூலிகை ஆய்வு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு அதை நல்ல முன்மாதிரியாகக் கருதுகிறேன்.

வழக்கமாக மூலிகை ஆய்வு ஆய்வகத்தில் தொடங்கி, விலங்குகளைக் கடந்து, கடைசியில்தான் நோயாளியை அடையும். பெரும்பாலானவை நடுவழியிலேயே நின்றுவிடும். மாலியில் அந்த வரிசை தலைகீழானது. காய்ச்சல் கண்டவருக்கு என்ன கொடுத்தீர்கள், பிறகு என்ன ஆயிற்று என்று குடும்பங்களிடம் முதலில் கேட்டறிந்தனர். பல மூலிகைகளில் பிரம்மதண்டுக் கஷாயம் முன்னணியில் நின்றது. அதன் பின்னர் தகுந்த அளவைக் கண்டறிந்து, சுமார் 300 நோயாளிகளிடம் நவீன கூட்டு மருந்தோடு ஒப்பிட்டனர்.

2010-இல் முடிவு வெளியானது. கஷாயம் அருந்தியவர்களில் 89 சதவீதத்தினருக்கும், நவீன மருந்து உட்கொண்டவர்களில் 95 சதவீதத்தினருக்கும் வேறு மருந்து தேவைப்படவில்லை. அதேசமயம், கஷாயம் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணியை முழுமையாக அகற்றவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. எனவே, அதை நவீன மருந்துக்கு மாற்றாக அல்லாமல், தொலைதூரக் கிராமங்களுக்கான முதலுதவியாகவே கருதினர்.

இதே செடியின் விதை நஞ்சு என்பதை மறக்கலாகாது. 1998-இல் தில்லியில் கடுகு எண்ணெயில் இதன் விதை எண்ணெய் கலந்திருந்ததால் உடல் வீங்கும் நோய் பரவி, பலர் உயிரிழந்தனர். செடியின் எந்தப் பகுதி, எவ்வளவு, யாருக்கு என்ற கேள்விகளுக்கு விடை தராமல், இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்று கூறுவது ஆபத்தானது.

2023-இல் உலகில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் மலேரியாவால் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். சீன மூலிகையிலிருந்து கிடைத்த ஆர்ட்டெமிசினின் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஒட்டுண்ணிகள் அக்கண்டத்திலும் தலைகாட்டிவிட்டன. புதிய மருந்துக்கான தேடல் இனியும் தாமதிக்கக் கூடாது.

இந்தத் தேடலில் சித்த மருத்துவ மரபுடைய நமக்கும் பங்கு உண்டு. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்குகிறது. அருந்தியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பதிவுசெய்து, பலன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியிடும் ஏற்பாடும் உடன் இருக்க வேண்டும். சோதித்துப் பார்ப்பது மரபை அவமதிப்பதாகாது. சோதிக்காமல் புகழ்வதால் நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை.