வளைந்த ஆணிகளை நிமிர்த்தலாமா?

இம்முறை நூல் எதைப் பற்றியும் எழுதப்போவதில்லை. பழைய ஜப்பானிய விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் துடைத்துச் சீராக்கிய அனுபவத்தையும், அதன்வழி எனக்கு ஏற்பட்ட ஒரு பிடிவாதத்தையும் எழுத விரும்புகிறேன். தமிழ் வாத்தியாருக்கு இது எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அத்தான் பணி ஓய்வு பெற்ற இயந்திரப் பொறியாளர். அப்படிப்பட்டவர் வீட்டில் எதுவும் பழுதாக இருக்க முடியாது. பழுது தீர்ந்துபோனால் வெளியில் போய் விலைக்கு வாங்கி வருவார். நான் போய் இறங்கிய வாரத்தில் அடுத்த தெருக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்வதற்காகச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். அங்கிருந்து 40 டாலருக்கு அத்தான் தூக்கிவந்ததுதான் இந்தப் பச்சிங்கோ இயந்திரம். 1970களில் ஜப்பானியக் கூடங்கள் கழித்துப்போட்ட இவ்வகை இயந்திரங்கள் பெருமளவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வீட்டு விளையாட்டுப் பொருள்களாக விற்கப்பட்டன. இதுவும் அப்படி வந்து, ஒரு நிலவறையில் அரை நூற்றாண்டு கிடந்த ஒன்று.

பச்சிங்கோ என்பது செங்குத்தாக நிற்கும் ஆணிப் பலகை. வலப்பக்கக் கைப்பிடியைத் தட்டிவிட்டால் ஓர் எஃகுக் குண்டு பாய்ந்து மேலேறி, வளைவில் திரும்பி, நூற்றுக்கணக்கான பித்தளை ஆணிகளுக்கு இடையே முட்டி மோதிக் கீழிறங்கும். குழி ஒன்றில் விழுந்தால் பல குண்டுகள் பரிசு. விழாவிட்டால் அடியிலுள்ள துளை விழுங்கிக்கொள்ளும். நம் சைக்கிள் கடைகளில் பால்ரஸ் என்பார்களே, அதன் பெரிய அண்ணன் போன்ற குண்டு. குறுக்களவு 11 மில்லிமீட்டர். ‘பச்சி பச்சி’ என்பது ஜப்பானிய மொழியில் படபடவென்ற ஒலிக்கான சொல். ஒரு விளையாட்டுக்கே இரட்டைக்கிளவியிலிருந்து பெயர் வைத்த மக்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இதன் மூதாதை, மேலைநாட்டு மேசை விளையாட்டு ஒன்றிலிருந்து 1920களில் ஜப்பானில் உருவான சிறுவர் விளையாட்டு. போர்க்காலத்தில் மூடப்பட்ட கூடங்கள், போருக்குப் பின் நாகோயா நகரை மையமாகக் கொண்டு மீண்டும் பெருகின. 1940களின் இறுதியில் மசமுரா தகேஇச்சி என்பவர் ஆணிகளை அடிக்கும் முறையையே மாற்றி, நடுவில் இடம்விட்டுக் காற்றாடிகளைப் பொருத்தி, குண்டின் போக்கில் ஒரு நாடகத்தைக் கொண்டுவந்தார். சிகரெட்டும் இனிப்பும் பரிசாகக் கிடைத்த, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஓசு யசுஜிரோவின் ‘பச்சைத் தேநீரிட்ட சோற்றின் சுவை’ (1952) படத்தில் ஒரு பச்சிங்கோ கூடம் வரும். அதை நடத்துபவர் முன்னாள் படைவீரர். தோற்ற நாட்டின் சோர்வு அந்தப் படபடப்புக்குள் எப்படிப் புகுந்துகொண்டது என்பதை அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது. ரொலான் பார்த் ஜப்பானைப் பற்றி எழுதிய ‘குறிகளின் பேரரசு’ (1970) நூலில் இதற்கென ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். ஆக, நான் முழுவதுமாக இலக்கியத்துக்கு வெளியே போய்விடவில்லை!

பெட்டியின் பின்புறக் கதவைத் திறந்தபோது நானும் அத்தானும் சிறிது நேரம் பேசவில்லை. மின்சாரம் விளக்குகளுக்கு மட்டுமே. மற்ற வேலைகள் அனைத்தையும் குண்டுகளின் எடையே செய்கிறது. குழியில் விழுந்த குண்டு பலகைக்குப் பின்னால் இறங்கி ஒரு சீசாக் கட்டையின்மேல் உட்காரும், கட்டை சாயும், அடுக்கில் முன்பே எண்ணிக் காத்திருக்கும் 15 குண்டுகள் விடுபட்டு ஓடும், போகிற போக்கில் ஒரு மணியை அடிக்கும். கணிப்பொறி இல்லை, மோட்டார் இல்லை. முன்புறம் துலிப் மலர் வடிவில் சில குழிகள். ஒரு குண்டு விழுந்ததும் இதழ்கள் விரிந்து அடுத்த குண்டுக்கு வழிவிடும். அது விழுந்ததும் மூடிக்கொள்ளும். துலிப் 1960இல் வந்தது. கையால் தட்டும் பிடிக்குப் பதில் மின்விசைப் பிடி 1970களில் பரவியது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் எங்கள் பெட்டியின் வயதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். கல்வெட்டில் எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிப்பதுபோல.

அழுக்கு என்றால் சாதாரண அழுக்கில்லை. கண்ணாடியின் உட்புறம் பழுப்பேறியிருந்தது. பஞ்சால் துடைத்து முகர்ந்தால் புகையிலை நாற்றம்; எந்த ஊர்க் கூடத்தில் யார் யார் ஊதித் தள்ளிய புகையோ! முன்னொரு காலத்தில் யாரோ விட்ட எண்ணெய், தூசியோடு சேர்ந்து பிசினாகி நெம்புகோல்களை இறுக்கியிருந்தது. எடையால் இயங்கும் நுண்ணிய பொறிக்கு எண்ணெய்தான் முதல் பகை என்று அத்தான் சொன்னார். பிசினைச் சுரண்டி, துடைத்து, உலர்வாக விட்டோம். துருப்பிடித்த குண்டுகளை வினிகரில் ஊறவைத்துக் கழுவி, உடனே உலர்த்தி, பழைய ஜீன்ஸ் கால்சட்டையின் ஒரு காலில் கட்டி இருபுறமும் பிடித்து ஆட்டினோம். கூடங்கள் தம் குண்டுகளில் அடையாளம் பொறிப்பது வழக்கம். எங்களிடமிருந்த குண்டுகளில் ஏழெட்டு வகைப் பொறிப்புகள். பல கூடங்களின் குண்டுகள் எங்கோ கலந்து ஒரே பையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

என் பங்குக்கு ஒரு பாதகமும் செய்தேன். பலகையின் முகப்பில் ஓவியம் அச்சிட்ட செல்லுலாய்ட் தாள் ஒட்டப்பட்டிருக்கும். இடப்பக்கக் கீழ்மூலையில் ஒரு கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அக்காவின் நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு ஒரே ஒரு முறை இழுத்தேன். செல்லுலாய்டை அது கரைத்துவிடும் என்று எனக்குத் தெரியாது. கறையும் போயிற்று, கறைக்கு அடியிலிருந்த சிவப்புப் பூவும் ஒரு ரூபாய்க் காசளவுக்குக் குழைந்து போயிற்று. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இனி ஆணிகளுக்கு வருகிறேன். இருநூறுக்கு மேல் எண்ணியதோடு நிறுத்திவிட்டேன். குண்டு கண்ணாடிப் பக்கம் உருண்டுவிடாமலிருக்க ஒவ்வோர் ஆணியும் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இவற்றுக்குப் பெயர்கள் உண்டு. உச்சியில் இருப்பவை ‘வான் ஆணி’. பக்கவாட்டில் செறிந்திருப்பவை ‘கவச ஆணி’. குழிவாயின் மேல் இருபுறமும் காவல் நிற்பவை ‘உயிர் ஆணி’. உயிர் ஆணிகளின் இடைவெளி கால் மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கூடத்தின் வருமானம் மாறும். இதற்கென்றே ‘குகிஷி’ என்ற ஆணித் தச்சர் இருந்தார். கடை அடைத்தபின் இரவில் சிறு சுத்தியலோடு ஒவ்வோர் இயந்திரமாகத் திறந்து, ஆணிகளை மயிரிழையளவு தட்டி வளைப்பார். விம் வெண்டர்ஸின் ‘டோக்கியோ-கா’ (1985) ஆவணப் படத்தில் அக்காட்சியைக் காணலாம். சட்டப்படி இது தவறு. அரசு சோதித்து ஏற்ற அமைப்பை மாற்றக் கூடாது. ஆயினும் பல பத்தாண்டுகள் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. 2015இல் இது பெரிய பிரச்சினையாக வெடித்து, ஏற்கப்பட்ட அமைப்பிலிருந்து மாறுபட்டவையாகக் கருதப்பட்ட இலட்சக்கணக்கான இயந்திரங்கள் 2016 இறுதிக்குள் அகற்றப்பட்டன.

எங்கள் பெட்டியில் நடுக் குழிக்கு இருபுறமும் இரண்டு துலிப்புகள். அத்தான் வெர்னியர் வைத்து அளந்தார். இடப்பக்க உயிர் ஆணிகளின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். வலப்பக்கம் 13ஐ நெருங்கியது. குண்டோ 11. இடப்புறம் விழுவது அரிது, வலப்புறம் தாராளம்.

“இது வளைஞ்சு போயிருக்கு மாப்பிள்ளை. ரெண்டு பக்கமும் ஒரே அளவாத்தான் இருந்திருக்கும். சரிபண்ணிடலாம்” என்றார்.

நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அங்கே தொடங்கிய வழக்கு மூன்று நாள் நடந்தது.

என் தரப்பு இது. இந்த ஆணி வளைந்ததா, வளைக்கப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. ஒரு குகிஷி, ஏதோ ஓர் இரவில், முதலாளி சொன்னதைக் கேட்டு இடப்பக்கத்தை இறுக்கியிருக்கலாம். அப்படியானால் அந்த வளைவு பழுதாகாது. இந்தப் பெட்டி பிழைத்த வாழ்க்கையின் ஒரே எழுத்துச் சான்று அது. ஓவியத்தை ஆலை அச்சடித்தது. ஆணியின் சாய்வை மட்டுமே ஒரு தனி மனிதனின் கை எழுதியது. சுவடிப் பதிப்பில் நாங்கள் படாத பாடு படுவது இந்த இடத்தில்தான். ஓர் அடியில் சீர் ஒன்று தளை தட்டுகிறது. ஏடெழுதியவன் பிழையா, புலவனின் சொல்லே அப்படியா? யாப்பு சீராக இருக்க வேண்டும் என்பதற்காகத் திருத்திவிட்டால் ஓசை இனிக்கும்; எதை இழந்தோம் என்று தெரியவே தெரியாது. உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதங்களைக் காட்டியதன் அருமை, அவர் ஒதுக்கிய பாடத்தையும் நாம் எடை போட முடிகிறது என்பதில் இருக்கிறது. 1964இல் நினைவுச் சின்னங்களுக்காக வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்றே விதிக்கிறது.

அத்தான் இலேசானவர் அல்லர். “இது அமெரிக்காவுல ஐம்பது வருஷம் இருந்திருக்கு. எந்தப் பொடியனோ ஸ்குரூடிரைவரால நெம்பினதை நீங்க குகிஷி கைன்னு கும்பிடப்போறீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் மாலை, பெட்டியை விற்ற அண்டை வீட்டுக்காரர் பரணில் அகப்பட்ட இன்னொரு பைக் குண்டுகளைக் கொடுக்க வந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். சிறுவனாக இருந்தபோது தாம் எப்போதும் தோற்று அழுததாகவும், ஒருநாள் தந்தை குறட்டை எடுத்துவந்து மகன் ஜெயிப்பதற்காகச் சில ஆணிகளை விரித்துவிட்டதாகவும் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவசரமாகக் கேட்டேன். நினைவில்லை என்றார். அந்தத் தந்தை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

வலப்பக்கத் தாராளம் அந்தத் தந்தையுடையதாக இருக்கலாம். இடப்பக்கக் கஞ்சத்தனம் ஜப்பானியக் கூடத்தினுடையதாக இருக்கலாம். இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். ஒரே அளவாக நிமிர்த்தியிருந்தால் இந்தக் கேள்வியே இல்லாமல் போயிருக்கும் என்பது மட்டும் உறுதி. பழம்பொருள்களைப் புத்தம்புதிதாக்கிப் பளபளப்போடு காட்டுகிறவர்கள்மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அழுக்கு வேறு, தழும்பு வேறு. புகையிலைக் கறை அனைவருக்கும் பொது. அதைத் துடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆணியின் சாய்வு ஒருவருடையது. ‘தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை’ என்று அவர்கள் பெருமையோடு சொல்லும் நிலையில் இந்தப் பெட்டியை ஒருவரும் விளையாடியதே இல்லை.

ஆனால் எதையுமே தொடாதே என்றால் அது சீரமைப்பும் ஆகாது. மூன்று இடங்களில் குண்டு இரண்டு ஆணிகளுக்கிடையே சிக்கி நின்றுவிட்டது. அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று திராட்சைக் கொத்துப்போல் தொங்கியது. எந்தக் குகிஷியும் இதை விரும்பியிருக்க மாட்டார். குண்டு தோற்கிற இடத்தில் கை வைப்பதில்லை, குண்டு நிற்கிற இடத்தில் மட்டும் திருத்துவது என்று உடன்பட்டோம். முதலில் பலகை முழுவதையும் படம் எடுத்தோம். இடைவெளிகளை அத்தான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு சிறு பித்தளைக் குழாயை ஆணியில் மாட்டி, மூன்றே ஆணிகளை மயிரிழை நகர்த்தினார். அந்த நோட்டும் இப்போது பெட்டியின் பின்கதவுக்குள் செருகப்பட்டிருக்கிறது.

ஊர் திரும்பிய சில வாரங்களில் அத்தான் ஒரு படம் அனுப்பினார். உயிர் ஆணிகள் அப்படியே இருந்தன. ஆனால் நான் குழைத்த சிவப்புப் பூவை மட்டும் மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டிச் சரிசெய்திருந்தார். இது நம் உடன்படிக்கைக்கு மாறாயிற்றே என்று தொலைபேசியில் கேட்டேன்.

“அது பாடபேதம் இல்லை மாப்பிள்ளை. உங்க அச்சுப்பிழை” என்றார்.