பட்டறையில் நிற்பவரே பாடம் சொல்லட்டும்

1942-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மினிடோகா என்ற பொட்டல் வெளியில் அமைந்த தடுப்பு முகாம். ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக ஜார்ஜ் நகாஷிமா குடும்பத்தோடு அங்கே அடைக்கப்பட்டிருந்தார். அமெரிக்காவிலேயே பிறந்தவர், எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை படித்து முதுகலைப் பட்டம் பெற்றவர். தமிழ் மண்ணுக்கும் அவர் அந்நியர் அல்ல. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை முன்னின்று கவனித்தவர். ‘சுந்தரானந்தா’ என்பது அரவிந்தர் அவருக்குச் சூட்டிய பெயர்.

முகாமில் அவருக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். கென்டாரோ ஹிகோகாவா என்ற அந்தத் தச்சர், ஜப்பானிய மரபில் முறையாகத் தொழில் பழகியவர். கழித்துப்போட்ட பலகைகளையும் பாலைவனப் புதர்க் கட்டைகளையும் கொண்டு இருவரும் முகாமுக்கு வேண்டிய சாமான்களைச் செய்தார்கள். மரவேலை நகாஷிமாவுக்குப் புதிதல்ல. ஆனாலும் ஜப்பானியக் கைக்கருவிகளின் பிடியும் மரத்தோடு மரம் கோத்து நிற்கும் இணைப்புகளின் நுட்பமும் ஹிகோகாவாவின் பக்கத்தில் நின்று வேலை செய்தபோதுதான் அவருக்குக் கைவந்தன. 1943-இல் விடுதலையான பிறகு, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். கடந்த நூற்றாண்டின் மரச்சாமான் கலைஞர்களில் உலகம் கொண்டாடும் பெயர்களில் ஒன்றாக அவருடைய பெயர் நிலைத்தது. 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அங்கேயும் மேசை நாற்காலிகளை வடிவமைத்துக் கொடுத்தார்.

கட்டடக் கலைப் பட்டதாரி ஒருவர் தச்சரிடம் மாணவராக நின்றார் என்பதே இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. நுட்பமான மரவேலையை, அதைச் செய்து பிழைக்கிறவரிடம்தான் முழுமையாகக் கற்க முடியும். அவரை ஆசிரியராக ஏற்று, அதற்குரிய சம்பளத்தையும் மரியாதையையும் தர ஒரு சமூகம் முன்வர வேண்டும். தமிழ்நாடு இன்னும் அதற்கு முன்வரவில்லை.

முன்வந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஜேம்ஸ் கிரெனாவ் 1920-இல் சைபீரியாவின் வடகிழக்கு ஓரத்தில் பிறந்தவர். ஷாங்காய், அலாஸ்கா, சியாட்டில் என்று அலைந்து வளர்ந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகே ஸ்டாக்ஹோமில் கார்ல் மால்ம்ஸ்டென் நடத்திய பள்ளியில் தச்சு கற்கச் சேர்ந்தார். பிறகு பல ஆண்டுகள் ஸ்வீடனில் வீட்டுப் பட்டறையில் தனியாளாக அலமாரிகள் செய்துகொண்டிருந்தார். 1976-இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகம் அமெரிக்க இளைஞர்களை ஈர்த்தது. 1981-இல் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் என்ற கடலோரச் சிற்றூரில், ஓர் அரசு சமுதாயக் கல்லூரி அவரை வைத்து நுண் மரவேலைப் படிப்பைத் தொடங்கியது. 2002 வரை அவர் அங்கே கற்பித்தார். 2009-இல் அவர் மறைந்த பிறகும் பள்ளி நிற்கவில்லை. இன்று அவர் பெயராலேயே ‘கிரெனாவ் பள்ளி’ என்று வழங்குகிறது. அங்கேயே படித்து, சொந்தமாக மரச்சாமான் செய்துவருபவர்கள் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

அந்த ஊரின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃபோர்ட் பிராக் மர அறுவை ஆலையால் வளர்ந்த ஊர். நூறாண்டுக்கு மேல் ரெட்வுட் மரங்களை அறுத்துத் தள்ளிய ஆலை 2002-இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, ஆண்டுக்கு இருபது சொச்சம் பேருக்குக் கற்பிக்கும் பட்டறை நிலைத்துவிட்டது.

அங்கே சேரும் மாணவர் முதலில் செய்யும் பொருள்களில் ஒன்று, தனக்கான மர இழைப்புளி. கருவியைத் தானே செய்தவருக்கு அதன் ஒவ்வொரு கோணமும் எதற்கு என்று புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நிஜமான பாடம். புதியவர் இழைப்புளியைத் தள்ளுகிறார். மரம் பிய்த்துக்கொண்டு வருகிறது. அலகு மழுங்கிவிட்டதாக எண்ணி மறுபடி தீட்டுகிறார், மறுபடியும் பிய்கிறது. ஆசிரியர் வந்து பலகையின் விளிம்பில் ரேகை சாயும் பக்கத்தை ஒரு பார்வை பார்க்கிறார், பலகையைத் தலைமாற்றி வைக்கிறார். அதே அலகு இப்போது காகிதம் போன்ற சுருளை ஒரே இழுப்பில் எடுக்கிறது. நார் ஓடும் திசையில் தள்ளினால் வெட்டும். எதிர்த்துத் தள்ளினால் நாரைத் தூக்கிப் பிய்க்கும். இரண்டுக்கும் ஓசை வேறு. பழகிய ஆசிரியர் பட்டறையின் மறுகோடியில் முதுகைக் காட்டி நின்றாலும், எந்த மாணவர் தவறாகத் தள்ளுகிறார் என்று காதாலேயே கண்டுகொள்வார்.

இன்னொரு பாடம் வாடிக்கையாளரிடமிருந்து வருவது. மரம் அறுத்த பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். ஐப்பசி அடைமழையில் கதவு இறுகுவதையும் சித்திரை வெயிலில் தளர்வதையும் நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். காற்றின் ஈரத்துக்கேற்ப, பலகை அகலவாட்டில்தான் அதிகம் விரியும், சுருங்கும். நீளவாட்டில் அந்த மாற்றம் மிகக் குறைவு. அதனால்தான் கதவுச் சட்டத்தின் பள்ளத்துக்குள் நடுப்பலகையைப் பசை போடாமல் செருகுகிறார்கள். பசை போட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும். இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதலாம். ஆனால், செய்து கொடுத்த அலமாரி ஓர் ஆண்டு கழித்து வெடித்துவிட்டது என்று வாடிக்கையாளர் கூப்பிட்டு, கைக்காசைப் போட்டு அதைச் சரிசெய்து கொடுத்தவர் சொல்லித்தரும்போது அந்தப் பாடம் பதியும் விதமே வேறு. எந்த மரம் எவ்வளவு அசையும், வேலைக்கு எத்தனை நாள் ஆகும், என்ன விலை கேட்கலாம் என்பதெல்லாம் தொழிலில் இருப்பவருக்கே தெரியும்.

டென்மார்க்கில் 13 வயதில் தச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்த டாகே ஃப்ரிட், 1948-இல் அமெரிக்காவுக்கு ஆசிரியராக அழைக்கப்பட்டார். ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரியில் 1962 முதல் 1985 வரை அவர் கற்பித்தார். அவரிடம் மரவேலை கற்ற ரோசான் சோமர்சன், 2015-இல் அதே கல்லூரியின் தலைவரானார். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் எட்வர்ட் பார்ன்ஸ்லி 1923-இல் தொடங்கிய பட்டறை, இன்றும் தொழிற்பழகுநர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கென்றே 1980-இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு அமைப்புகள். எல்லாவற்றிலும் ஆசிரியர் தொழில் செய்தவர்.

யூடியூப் இருக்கும்போது பட்டறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் பால் செல்லர்ஸ் போன்ற தேர்ந்த தச்சர்கள் காணொளி வழியாக உலகெங்கும் பலருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால், காணொளி செய்து காட்டும்; மாணவர் செய்வதைப் பார்க்காது. ரம்பம் சாய்வதற்குக் காரணம் மணிக்கட்டா, கால் வைத்திருக்கும் விதமா என்று அதனால் சொல்ல முடியாது. கணினி இயந்திரங்கள் வந்த பிறகு கைவேலை எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. இயந்திரம் கட்டளைப்படி வெட்டும். எந்தப் பலகையை எங்கே வைப்பது, எந்த ரேகை கண்ணில் படும்படி வருவது என்று தீர்மானிக்க மரம் அறிந்த ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனை அல்ல. 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சியைத் தொடங்கிய அரசு, ஸ்தபதிகளையே ஆசிரியர்களாக வைத்தது. குமரி முனை வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அங்கே முதல்வராக இருந்தவர். கல்லுக்குக் கிடைத்த அந்த இடம் மேசைக்கும் நாற்காலிக்கும் கதவுக்கும் கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ.க்களில் கார்பென்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அடிப்படை இணைப்புகளையும் பிளைவுட் வேலையையும் பழக அந்தக் காலம் சரியாக இருக்கும். அதற்கு மேல் நுண்வேலை கற்க விரும்பும் இளைஞருக்குக் கைகாட்ட ஓர் இடம் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குப் பெயர் கிடைத்ததுபோல், அதைச் செய்பவருக்கு ஆசிரியர் நாற்காலியும் கிடைக்க வேண்டும்.

சாதியைப் பேசாமல் இதைப் பேச முடியாது. தச்சு நெடுங்காலம் குறிப்பிட்ட சமூகங்களுக்குள், தகப்பனிடமிருந்து மகனுக்கு என்றே போய்க்கொண்டிருந்தது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் குலத்தொழிலை வலியுறுத்துகிறது என்று சொல்லித் தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. மாற்றாக 2025-இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால், கடன் கைவினைஞரைக் கடை வைக்கச் செய்யும். அவருடைய வித்தையை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோகாது. யார் வேண்டுமானாலும், ஆணோ பெண்ணோ, சேர்ந்து கற்கும் பொதுப் பட்டறைதான் தொழிலைக் குலத்தின் பிடியிலிருந்து எடுக்கும்.

பட்டம் இல்லாதவரை எப்படி ஆசிரியராக்குவது என்று தயங்க வேண்டியதில்லை. 15 ஆண்டு தொழில் அனுபவம் உள்ள வல்லுநர்கள், வழக்கமான கல்வித் தகுதி இல்லாவிட்டாலும் உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இலேயே வழிவகுத்துவிட்டது. நிர்வாகிகளுக்கும் பொறியாளர்களுக்கும் திறந்த கதவு, 30 ஆண்டு உளி பிடித்த தச்சருக்கும் திறக்கட்டும். பத்து மாணவருக்கு ஒரு தச்சர் போதும். வாரத்தில் மூன்று நாள் கற்பிப்பார், மற்ற நாள்களில் சொந்த வேலையைப் பார்ப்பார். கற்பிக்கும் நாளின் ஊதியம் அவர் பட்டறையில் சம்பாதிப்பதைவிடக் குறையக் கூடாது. எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, மாணவர் செய்து முடித்த ஒரு மேசையோ பெட்டியோ மதிப்பிடப்பட வேண்டும்.

முதல் வகுப்பைக் காரைக்குடி வட்டாரத்தில் தொடங்கலாம். பர்மா தேக்கில் இழைத்த தூண்களும் நிலைகளும் கொண்ட செட்டிநாட்டு வீடுகள் அங்கே நிறைய இருக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் வேலையே மாணவர்களுக்குப் பாடமாகவும் ஆசிரியருக்கு வருமானமாகவும் அமையும்.