குதிரை தின்ற சாக்லெட்டு

பள்ளிக்கூட விளையாட்டு விழாவன்று, ஓட்டப் பந்தயத்துக்கு நின்ற பையன் ஒருவன் சாக்லெட்டை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "வேகம் வரும், ஸார்!" என்றான். பந்தயத்தில் நாலாவதாக வந்தான் என்பது வேறு விஷயம். அவனைப் பார்த்ததும் நமக்கு ஒரு குதிரையின் ஞாபகம் வந்தது.

1979-ஆம் வருஷம், இங்கிலாந்தில் 'நோ பாம்ப்ஸ்' என்னும் குதிரை, மார்ஸ் சாக்லெட்டு ஒன்றைத் தின்றுவிட்டு, வூஸ்டர் மைதானத்தில் ஓடி ஜயித்தது. பிறகு பரிசோதனையில் தியோப்ரோமின் என்னும் வஸ்து அகப்படவே, 4,000 பவுனுக்கு மேற்பட்ட பரிசு பறிபோயிற்று. உலகத்திலேயே அவ்வளவு விலை கொடுத்துச் சாக்லெட்டுத் தின்ற பிராணி வேறு இருக்குமா என்பது சந்தேகந்தான்.

சரி, அந்த வஸ்து அப்படி என்னதான் செய்துவிடும்? கோக்கோ மரத்துக்கு லின்னேயஸ் 'தேவர்களின் உணவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1841-ல் அதன் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்த இதற்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காப்பியிலுள்ள காஃபீனுக்கு இது உடன்பிறப்பு; மீதைல் என்ற சிறு அங்கம் ஒன்றுதான் குறைவு. ஆனால் அந்தக் குறைவு லேசானதல்ல. களைப்பைத் தெரிவிக்கும் அடினோசின் மூளையில் உட்காரும் இடத்தைக் காஃபீன் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. தியோப்ரோமினுக்கு அந்தப் பிடி இல்லை. மூச்சுக் குழாயைச் சற்றுத் தளர்த்தும், சிறுநீரைப் பெருக்கும். பந்தயக் கோட்டில் நிற்பவனுக்கு இந்த இரண்டாவது குணம் எவ்வளவு உபகாரம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

சாக்லெட்டில் காஃபீனும் உண்டே என்றால், உண்டு. தியோப்ரோமினில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஓட்டக்காரனுக்குப் பலன் தெரிய, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபீனாவது வேண்டும். அறுபது கிலோ ஆள், ஏறக்குறையக் கால் கிலோ கறுப்புச் சாக்லெட்டைத் தின்ன வேண்டியிருக்கும். அதை வயிற்றில் சுமந்துகொண்டு யார் ஓடுவது?

மனிதர் விஷயத்தில் சட்டம் தியோப்ரோமினைத் தடுக்கவில்லை. காஃபீனுக்கு இருந்த தடையும் 2004-ல் நீங்கிவிட்டது. குதிரைக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று நாமும் முதலில் நினைத்தோம். ஆனால் மனிதன் தானாகத் தின்கிறான்; குதிரைக்கோ, யார் எதைக் கொடுத்தார்கள் என்று சொல்ல வாயில்லை. வேகம் கூடிற்றா என்று விசாரிக்கப் புகுந்தால் வழக்கு முடியாது. ஆகவே, வஸ்து இருந்ததா, இல்லையா என்பதே கேள்வி. நோ பாம்ப்ஸிடம் நமக்கு அநுதாபம் உண்டு; தீர்ப்பிலே குறை காணவில்லை.

நம் பையனிடம், ஓடி முடித்தபின் சாவகாசமாகத் தின்னும்படி சொன்னோம். வீட்டு நாய்க்கு மட்டும் கொடுக்காதே என்றும் எச்சரித்தோம்; நாயின் உடம்பில் தியோப்ரோமின் மெதுவாகவே கழிவதால், அதற்கு அது விஷம்.