வரப்போடு நின்றுவிடும் சட்டம்

பருத்தி ஆலைக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அதைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு விதிகள் உண்டு. சுழலும் சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா, பஞ்சுத் தூசு வெளியேற வழி இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்க ஆய்வாளர் ஒருவர் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அவர் ஒழுங்காக வருகிறாரா, வந்தால் எதைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பது வேறு பேச்சு. வர வேண்டியவர் என்று ஒருவராவது இருக்கிறார். அதே பருத்தி செடியில் காயாக நிற்கும்போது, முதுகில் 16 லிட்டர் தெளிப்பானைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாக நடக்கும் கூலியாளைப் பார்த்துவர எவரும் நியமிக்கப்படவில்லை.

இதன் விளைவை நாடு 2017ஆம் ஆண்டில் கண்டது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு அங்கே செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. பூச்சித் தாக்குதலும் கடுமையாக இருந்ததால் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, அடுத்தடுத்துத் தெளித்தார்கள். ஆள் உயரச் செடிக்குத் தெளிக்கும்போது திவலைகள் முகத்திலும் மார்பிலும்தான் படியும். அதே ஆண்டு நமது பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலர் உயிரிழந்தனர். செய்தி சில நாட்கள் ஓடியது. அதன்பின் அடுத்த பருவமும் வந்தது, அதே தெளிப்பானும் வந்தது.

இதற்குச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டு அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் வாசிப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. மருந்து தயாரிப்பிலோ தெளிப்பிலோ ஈடுபடுவோரை வேலைக்கு எடுக்கும் முன் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பிறகு காலாண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும். பாஸ்பரஸ் வகை மருந்துகளைக் கையாளுவோரின் இரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதியின் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு உடை, கையுறை, மூச்சுக்கவசம் ஆகியவையும் அந்த விதிகளில் உண்டு.

ஆனால் அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் தம் வீட்டு உபயோகத்துக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தாம் சாகுபடி செய்யும் நிலத்திலோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. ஆக, நகரத்து உணவு விடுதியில் கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க வரும் நிறுவனத்துக்கு உரிமம், பயிற்சி, பாதுகாப்பு உடை என்று அத்தனை விதியும் உண்டு. நாள் முழுதும் பத்து ஏக்கர் பருத்திக்கு மருந்தடிக்கும் கூலியாளைப் பொறுத்தவரை சட்டம் வரப்போடு நின்றுவிடுகிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையைப் பார்த்தால் இது வியப்பாக இராது. 1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்துவிட்ட உணவுப் பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அதிர்ச்சியில் எழுந்த விசாரணைகளின் முடிவில் வந்ததுதான் 1968ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே அதன் கண் கிடங்கின் மீதும் கடையின் மீதும் பதிந்திருக்கிறது. இன்றும் பூச்சிக்கொல்லி ஆய்வாளராக அறிவிக்கப்பட்ட வேளாண்மை அலுவலர் கடைக்குப் போகிறார், இருப்புப் பதிவேட்டைப் பார்க்கிறார், மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். மருந்தின் வீரியம் அச்சிட்டபடி இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். அதை அடிப்பவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலையில் சேரவில்லை.

மலை மேலே போனால் நிலைமை வேறு. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2010இல் அதைத் திருத்தி, தோட்டத்தில் பூச்சிக்கொல்லி கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்புச் செய்து தருவது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். அந்தப் பொறுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் சொர்க்கத்தில் இருக்கிறார்கள் என்பது பொருளன்று. அங்கே வேலை வாங்குபவர் யார், பொறுப்பு யாருடையது என்று சட்டத்துக்குத் தெரியும். சமவெளியில் அது தெரிவதில்லை. அந்தத் தொகுப்புச் சட்டமே பொதுவாக 10 பேருக்குக் குறையாத ஆட்கள் வேலை செய்யும் இடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மூன்று ஏக்கர் விவசாயி இரண்டு ஆள் வைத்து மருந்தடிப்பது அதன் பார்வைக்கு எட்டாது.

உலகத் தொழிலாளர் அமைப்பு இந்த வேறுபாட்டை எப்போதோ கண்டுகொண்டது. தொழிலும் வணிகமும் பற்றிய தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கையை (எண் 81) இந்தியா 1949இலேயே ஏற்றது. விவசாயத்துக்கென்று 1969இல் தனியாக வகுக்கப்பட்ட ஆய்வு உடன்படிக்கையை (எண் 129) ஏற்கவில்லை.

கதிரடிக்கும் இயந்திரத்தின் வரலாறு இங்கே பயன்படும். பசுமைப் புரட்சிக்குப் பின் வட மாநிலங்களில் கோதுமை பெருகியது. விசைக் கதிரடிப்பான்களும் பெருகின. பட்டறைகளில் மலிவாகச் செய்யப்பட்டவற்றில் கதிரைத் தள்ளும் தட்டு குட்டையாக இருந்தது. கதிரோடு கையும் உள்ளே போனது. விரலையும் முன்கையையும் இழந்தவர்கள் பலர். 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இந்தச் சட்டம் உழவரின் களத்துக்குப் போய் நிற்பதற்கு முன், இயந்திரம் பிறக்கும் இடத்துக்குப் போனது. உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. காயமடைந்தவருக்கு இழப்பீடு உண்டு. கதிர் தள்ளும் தட்டு 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் அளவு சொன்னது. கை நீளத்தை அளந்து செய்த தட்டு அது. அந்தத் தட்டு உள்ள இயந்திரத்தில் தூக்கக் கலக்கத்தில் வேலை செய்பவனுடைய கையும் உருளையை எட்டாது. எச்சரிக்கைப் பலகை ஆயிரம் வைத்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

ஊர் ஊராகப் போய் வாடகைக்கு மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரங்களில் இன்றும் தட்டை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருப்பவை இல்லாமல் இல்லை. வேலை வேகமாக ஓடும் என்பது காரணம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி கழன்றுபோனால் திரும்பப் போடுவதும் அரிது. சேலைத் தலைப்பும் வேட்டி நுனியும் அங்கேதான் சுற்றிக்கொள்கின்றன. கடைக்காரரின் தராசை முத்திரை ஆய்வாளர் பார்த்து முத்திரை இடுகிறார். முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் அபராதம். வாடகைக்கு ஓடும் இயந்திரத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஒரு முத்திரை ஏன் கூடாது? எடைக்குறைவில் போவது சில ரூபாய். இங்கே போவது கை.

தெளிப்பானுக்கும் இதே முறை பொருந்தும். மருந்து உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாக. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், ஒழுகும் மூடியிலிருந்து முதுகில் வழிவதையும், நனைந்த செடிக்குள் நடப்பதால் தொடை வரை ஈரமாவதையும் கணக்கில் சேர்ப்பதில்லை. முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறார்கள். எல்லாவற்றிலும் கொடியது புட்டியிலிருந்து ஊற்றிக் கலக்கும் அந்த இரண்டு நிமிடம், ஏனெனில் அப்போது கையில் படுவது நீர் சேராத மருந்து. ரப்பர் அங்கி முழுதும் போட்டுக்கொள் என்று புரட்டாசி வெயிலில் சொல்வது நடவாத காரியம். சொல்பவரே ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் கலக்கும்போது நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, முதுகுக்கும் தெளிப்பானுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள், காலில் ரப்பர் பூட்ஸ், ஒழுகாத மூடி ஆகியவை நடக்கக் கூடியவை. பருத்திக் கையுறை மட்டும் வேண்டாம். அது மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கைக்கே ஊட்டும்.

மருந்து என்று சொல்லிப் பழகிவிட்டதும் ஒரு கேடு. நஞ்சு என்று சொன்னால் கை தானாகவே பின்வாங்கும். புட்டியின் மேல் உள்ள சாய்சதுரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மை குறிக்கப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று கொள்பவர்களும் இருக்கிறார்கள். மானோகுரோட்டோபாசைக் காய்கறிகளில் தெளிக்க 2005இலேயே தடை வந்தது. புட்டியிலும் அது அச்சிடப்பட்டது. கத்தரித் தோட்டத்தில் அது நின்றதா என்று பார்க்க ஆள் இல்லாததால் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2023இல் அதன் 36 சதவீதத் திரவத்தையே நிறுத்த ஆணை பிறந்தது.

இன்னும் ஓர் அதிகாரியா என்று விவசாயிகள் முகம் சுளிப்பார்கள். அது நியாயமே. விலை கிடைக்காமல், ஆள் கிடைக்காமல் தவிப்பவரின் வரப்பில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை எல்லாரும் அறிவர். மேலும், நிலக்காரரே பல வீடுகளில் தெளிப்பானைத் தூக்குகிறார். அவரைக் குற்றவாளியாக்கி ஆகப் போவது ஒன்றுமில்லை. தன் நிலத்தில் தானே அடிப்பவருக்கு 38ஆம் பிரிவின் விலக்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கூலி கொடுத்து ஆள் வைக்கும்போதும், தெளிப்பதையே தொழிலாகக் கொண்ட குழுக்களை மேஸ்திரி மூலம் வரவழைக்கும்போதும் அந்த விலக்கு நீங்க வேண்டும். கூலி கொடுத்து வாங்குவது உழைப்பை மட்டுமே. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2008இலும் 2020இலும் மாநிலங்களவையில் மசோதாக்கள் வைக்கப்பட்டன. எந்த வடிவில் புதிய சட்டம் வந்தாலும் விவசாய சங்கங்கள் விலை, மானியம் பற்றிக் கேட்பதோடு இந்த ஒரு வரியையும் கேட்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. கடைக்குப் போகும் ஆய்வாளர் அங்கே கையுறை விற்பனைக்கு இருக்கிறதா, தமிழில் அச்சிட்ட துண்டுத்தாள் புட்டியோடு கொடுக்கப்படுகிறதா என்றும் பார்க்கலாம். ஒரு புட்டி மருந்தின் விலையில் ஒரு பங்குகூட ஆகாத கையுறையை வைத்திராத கடை சிவப்புக் குறி மருந்தை விற்க வேண்டியதில்லை. ஒன்றிய அளவில் கூலிக்குத் தெளிப்பவர்களின் பெயர்ப் பட்டியல் எடுத்து, பருவம் தொடங்கும் முன்னும் நடுவிலும் இரத்தப் பரிசோதனை செய்யலாம். நொதி குறைந்தவரைச் சில வாரம் வேறு வேலைக்கு அனுப்பினால் தேறிவிடுவார். குறைந்தது தெரியாமல் மறுநாளும் தெளிப்பானைத் தூக்குபவர்தான் விழுகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது கணக்கு. மருந்தடித்துவிட்டு மாலையில் வியர்த்துக் கொட்டி, எச்சில் ஒழுகி, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு அட்ரோபின் ஊசி போடுகிறார்கள். பிழைத்து வீட்டுக்குப் போனால் அது எங்கும் விபத்தாகப் பதிவதில்லை. இறந்தாலோ, குடித்துவிட்டாரோ என்ற ஐயம் முதலில் எழுகிறது. இழப்பீடும் அந்த ஐயத்தில் சிக்கிக்கொள்கிறது. பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தியதாலோ கையாண்டதாலோ நேரும் நச்சு நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் தெரிவிக்குமாறு எவரையும் பணிக்க, அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைச் சுகாதார நிலையம் வரை கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து, என்ன பயிர், எத்தனை மணி நேரம், எந்தத் தெளிப்பான், சொந்த நிலமா கூலியா என்று ஐந்து கட்டம் கொண்ட பதிவேடு போதும். ஒரே ஊரிலிருந்து ஒரு வாரத்தில் இருவர் வந்தால் மறுநாள் வேளாண்மை அலுவலர் அந்த வயலுக்குப் போக வேண்டும். வழக்குப் போட அவர் போக வேண்டாம். அந்த மூடி ஒழுகுகிறதா, எதோடு எதைக் கலந்தார்கள் என்று பார்த்து, பக்கத்து நிலத்துக்காரருக்கும் சொல்லிவிட்டு வந்தால் அதுவே ஆய்வு.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்தி ஆவணி, புரட்டாசியில் விதைப்பாகி, ஐப்பசி பிறந்ததும் தெளிப்பு மும்முரமாகிவிடும். பதிவேடு அச்சடிக்க ஆடி மாதமே சரியான காலம். மருத்துவமனைக்கு ஓடும்போது காலிப் புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்பதைக் கூலியாள் வீட்டுப் பெண்களுக்கும் அப்போதே சொல்லிவைக்கலாம். எந்த நஞ்சு என்று மருத்துவருக்கு முதலில் சொல்வது அந்தப் புட்டிதான்.