தாம்பரமா? ஆவடியா? பொன்னேரியா? மனை விலையை மட்டும் பார்த்தால் கையை சுடும்!

சென்னைக்குள் சொந்த வீடு என்பது கடை வேலை, கம்பெனி வேலை பார்ப்பவர்களுக்கு எட்டாக்கனி ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு. சீட்டு கட்டி, நகையை அடகு வைத்து, பி.எப். பணத்தை எடுத்தாவது புறநகரில் அரை கிரவுண்டு வாங்கி விட வேண்டும் என்று துடிப்பவர்கள் ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும். வேனில் இலவசமாக கூட்டிப்போய், சாப்பாடும் போட்டு மனை காட்டுகிறார்கள். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா இடமும் பளிச்சென்று தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தான் சாயம் வெளுக்கும்.

சென்னையில் இருந்து மின்சார ரெயில் போகும் மூன்று பக்கமும் மனை வியாபாரம் கொடி கட்டி பறக்கிறது. எந்த பக்கம் லாபம், எந்த பக்கம் தலைவலி?

தெற்கே தாம்பரம், கூடுவாஞ்சேரி

ரெயில் வசதியில் இந்த பக்கத்தை அடிச்சுக்க ஆள் இல்லை. கிண்டி தொழிற்பேட்டை, மாம்பலம், பாரிமுனை என்று எங்கு வேலை பார்த்தாலும் ஒரே ரெயிலில் வந்துவிடலாம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். மனை விலையும் எகிறியது.

ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் 2015 வெள்ளத்தை இன்றைக்கும் கதை கதையாக சொல்வார்கள். ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து வரும் பாதை இது. செம்பரம்பாக்கம் தண்ணீர் கீழே தள்ளித்தான் அடையாற்றில் கலக்கிறது. அதனால் செம்பரம்பாக்கத்தை திறக்காவிட்டாலும் இங்கே வெள்ளம் வரும். 2021-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் மறுபடியும் தண்ணீர் சூழ்ந்தது.

மேற்கே ஆவடி, திருநின்றவூர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் இந்த பக்கம் தான் சரி. பட்டரவாக்கத்தில் இறங்கினால் போதும். ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு புரோக்கர்கள் பேச்சே மாறிவிட்டது. கூடவே, 'மெட்ரோ வருது சார்' என்று ஆசை காட்டுகிறார்கள். திட்டம் போடுவது வேறு, ரெயில் ஓடுவது வேறு. ஓடாத ரெயிலுக்கு இப்போதே காசு கொடுக்கக்கூடாது.

இங்கேயும் ஏரி தான் வில்லன். 2021 மழையில் திருநின்றவூர் ஏரியை ஒட்டிய நகர்களில் வீடுகளை தண்ணீர் சூழ்ந்தது.

வடக்கே மீஞ்சூர், பொன்னேரி

கையில் காசு குறைவாக இருப்பவர்கள் கடைசியில் வந்து சேருவது இங்கே தான். துறைமுகம், எண்ணூர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வசதி. ஆனால் தெற்கே போல அடிக்கடி ரெயில் கிடையாது. எக்ஸ்பிரசுக்கும் சரக்கு ரெயிலுக்கும் வழிவிட்டு நிற்பது தனிக்கதை.

பெரிய பிரச்சினை தண்ணீர். மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் வருஷக்கணக்கில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் நீர் உள்ளே புகுந்துவிட்டது. போர் போட்டால் பல இடங்களில் உப்பு தான். மனையில் மிச்சம் பிடித்த காசு கேன் தண்ணீருக்கும் லாரி தண்ணீருக்கும் போய்விடும்.

ஷேர் ஆட்டோ கணக்கு

ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு மனை. 4 கிலோ மீட்டர் உள்ளே 2 லட்சம் ரூபாய் குறைவாக இன்னொரு மனை. எதை வாங்குவது?

புருஷன், பொண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு போகிறார்கள். ஷேர் ஆட்டோவுக்கு போக 20, வர 20 என்று வைத்தால் மாதம் 25 நாளைக்கு 2 ஆயிரம் ரூபாய். வருஷத்துக்கு 24 ஆயிரம். எட்டே வருஷத்தில் 1 லட்சத்து 92 ஆயிரம் காலி! ராத்திரி 10 மணிக்கு ஆட்டோ கிடைக்காமல் பொம்பளைப்பிள்ளை இருட்டில் நடந்து வரும் பயம் இந்த கணக்கில் சேராது.

பத்திர செலவு

முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் மனைக்கு 90 ஆயிரம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தை பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவு கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. வீட்டுக்காரி பெயரில் பதிந்தால் 10 ஆயிரம் மிச்சம்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் வேண்டும். 20-10-2016-க்கு முன்பு போட்ட பழைய மனை என்றால் வரன்முறை உத்தரவை கேட்க வேண்டும். புது லே-அவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா பதிவு எண் கட்டாயம். வில்லங்க சான்றும் பட்டாவும் இன்டர்நெட்டிலேயே பார்க்கலாம். இதை எல்லாம் பார்க்கும் முன்பு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், திரும்ப வாங்க செருப்பு தேய நடக்க வேண்டியது தான்.

எந்த ஊர் நல்ல ஊர்?

எல்லோருக்கும் ஒரே ஊர் நல்ல ஊர் ஆகாது. வேலை எந்த பக்கமோ வீடும் அந்த பக்கம். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். ஏரி உபரி நீர் போகும் பாதையில் வேண்டவே வேண்டாம். இந்த மூன்றும் சரியாக இருந்தால், 800 சதுர அடி என்றாலும் அதுவே மேல்.

வேனில் போய் பார்த்தது போதாது. நவம்பர் மழையில் ஒரு நாள் ரெயில் ஏறி, ஸ்டேஷனில் இருந்து நடந்தே போய் பார்க்க வேண்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, '2015-ல் தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?' என்று கேட்டால் போதும். புரோக்கர் மறைப்பதை டீக்கடைக்காரர் கையை இடுப்பில் வைத்து காட்டிவிடுவார்.