பூனைக்கு நம் வீட்டு மாத்திரை வேண்டாம்



தெருவில் தவித்த பூனைக்குட்டியை எடுத்து வளர்ப்பதாக உங்களில் பலர் படம் போடுகிறீர்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அது தும்மினாலோ உடம்பு சுட்டாலோ, "காய்ச்சல் மாத்திரையில் கால்வாசி கொடுக்கலாமா சார்?" என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது.

பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நம் காய்ச்சலைத் தணிக்கும் அதே மாத்திரை, பூனையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் பூனைக்கு நஞ்சுதான்.

இன்னொன்று. ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். ஓரிரு நாள் தாமதித்தால் பிழைப்பது அரிது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

"தெருப்பூனைக்கு எதற்கு டாக்டர் செலவு?" என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் எடுத்து வந்த அன்றே அது தெருப்பூனை இல்லை, நம் பூனை. சோறு போடுவது பாதிக் கடமைதான். நோய் வந்தால் மருத்துவரிடம் காட்டுவது மீதிப் பாதி. அதை ஏற்க மனமில்லாதவர்கள், குட்டியைத் தூக்குமுன் ஒருமுறை யோசியுங்கள்.

பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரின் எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.