"லைட்ஸ் தான் டாக்டர்" என்பவர்களுக்காக ஒரு த்ரெட்

ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்னு கேட்டா, எண்ணிக்கை வர்றதுக்கு முன்னாடியே "லைட்ஸ் தான் டாக்டர்"னு பதில் வரும். ஏதோ பாதி விட்டுட்ட மாதிரி ஒரு நிம்மதி அந்தக் குரல்ல இருக்கும். அந்த நிம்மதியை எப்படித் தயாரிச்சாங்கன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஃபில்டரைச் சுத்தியிருக்கிற காகிதத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க (பத்த வைக்காம!). பல பிராண்டுகள்ல வட்டமா ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். இழுக்கும்போது அது வழியா வெளிக்காத்து புகையோட கலக்கும். தொண்டையில காட்டம் குறையும். "மைல்ட்"ங்கிறதுல பெரும்பங்கு இந்தத் துளைதான்.

அமெரிக்காவுல 1967லிருந்து வர்த்தக ஆணையத்தின் முறைப்படி தார், நிகோடின் அளவை ஒரு மெஷின் அளந்தது. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, 2 விநாடி, 35 மி.லி. மெஷினுக்கு விரல் கிடையாது, உதடு கிடையாது, நிகோடின் ஏக்கமும் கிடையாது. துளைகள் திறந்தே இருக்கும், கணக்கு குறைச்சலா வரும். மனுஷன் அப்படியா? விரலும் உதடும் துளையை மூடும். நிகோடின் குறைஞ்சா மூளை சும்மா விடாது, ஆழமா இழுக்க வைக்கும். 1980களின் தொடக்கத்துல பார்க்லேன்னு ஒரு பிராண்டு, 1 மி.கி. தார்தான்னு விற்றாங்க. ஃபில்டர் ஓரத்துல இருந்த காற்று வழிகள் உதட்டுல அழுத்தினா அடைபடும்னு புகார் பண்ணினதே போட்டிக் கம்பெனிகள்தான். ஆணையமும் அந்த 1 மி.கி. கணக்கை ஏத்துக்கல.

சரி, சிகரெட்டோட வடிவத்தை மாத்தினா பழைய வாடிக்கையாளர் கண்டுபிடிச்சு ஓடிப்போயிடுவாரே? அதுக்குத்தான் சோதனை. 1998ல அமெரிக்க மாநிலங்களோட நடந்த வழக்குகள் முடிஞ்சப்போ, கம்பெனிகளோட உள் ஆவணங்கள் லட்சக்கணக்கான பக்கங்கள் வெளியில வந்துச்சு. பேர் போடாத பாக்கெட்டுல பழைய சிகரெட், மாத்தின சிகரெட் ரெண்டையும் புகைப்பவர்களுக்குக் கொடுப்பாங்க. எதுல காட்டம் அதிகம், எது இழுக்கக் கஷ்டம், வாயில என்ன சுவை தங்குது, எது திருப்தின்னு கேள்வித்தாள் வரும். காப்பித்தூள் கம்பெனியும் இதையேதான் செய்யும், அதுல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா காப்பி குடிக்கிறவரு நுரையீரல் புற்றுநோயோட என்கிட்ட வர்றதில்லையே.

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. ஒரே சிகரெட்டை வேற வேற நிறப் பாக்கெட்டுல போட்டுக் கொடுத்தும் சோதிச்சிருக்காங்க. உள்ள இருக்கிறது ஒண்ணுதான், ஆனா வெளிர் நிறப் பாக்கெட்டுல இருந்தது "மைல்டா இருக்கு"ன்னு நாக்கே சாட்சி சொல்லுது! 1953லேயே ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி விஞ்ஞானி கிளாட் டீக், புகைக்கப் புகைக்க நிறம் மாறுற ஃபில்டரை யோசிச்சார். வடிகட்டுற திறன் அதனால பெருசா கூடாது, விளம்பரத்துக்கு நல்லதுன்னு அவரே எழுதி வெச்சிருக்கார். பழுப்பான ஃபில்டரைப் பார்த்து "எவ்ளோ அழுக்கை வடிகட்டியிருக்கு"ன்னு நீங்களும் நினைச்சிருப்பீங்க.

2001ல அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், குறைந்த தார் சிகரெட்டால மக்களுக்கு நன்மை கிடைச்சதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. 2006ல நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் கம்பெனிகள் மக்களை ஏமாத்தினதா தீர்ப்பு கொடுத்தார். 2010ல "லைட்", "மைல்ட்" வார்த்தைகளுக்கு அங்க தடை வந்துச்சு. உடனே மார்ல்பரோ லைட்ஸ், மார்ல்பரோ கோல்ட் ஆயிடுச்சு. நிறம் பேசும்னு ஏற்கெனவே சோதிச்சுத் தெரிஞ்சவங்களுக்கு வார்த்தை எதுக்கு?

இப்போ டாக்டரா ஒண்ணு. அடினோகார்சினோமான்னு ஒரு வகை நுரையீரல் புற்றுநோய், பெரும்பாலும் நுரையீரலோட வெளிப்பகுதியில வரும். 1950களுக்குப் பிறகு சிகரெட்டோட வடிவமைப்பும் உள்ளடக்கமும் மாறினதாலதான் புகைப்பவர்கள்கிட்ட இது கூடுச்சுன்னு அமெரிக்க சர்ஜன் ஜெனரலோட 2014 அறிக்கை சொல்லுது. துளை போட்ட ஃபில்டர் மேலயும் அதுல சந்தேகம் இருக்கு. காரணம் புரியுறது கஷ்டமில்ல. காட்டமில்லாத புகையை ஆழமா இழுக்கலாம்.

நம்ம ஊர்ல 2016லிருந்து பாக்கெட்டுல 85% எச்சரிக்கைப் படம் இருக்கு, நல்ல விஷயம். ஆனா பெட்டிக்கடையில ஒண்ணு, ரெண்டுன்னு உதிரியா வாங்குறவர் அந்தப் படத்தை எங்க பார்க்கிறார்? அவர் கையில வர்றது துளை போட்ட அந்தக் குச்சிதான். என் கருத்து: ஃபில்டர்ல துளை போடுறதையே தடை பண்ணணும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் வடிவத்தை மாத்தினா, புகைப்பவர்கள் மேல செஞ்ச சோதனை முடிவுகளை அரசுகிட்டக் கொடுத்தாகணும். மிட்டாய் மாதிரி நசுக்கினா வாசனை வர்ற கேப்ஸ்யூல் சிகரெட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

லைட்ஸுக்கு மாறினவங்க மனசுல விடணும்ங்கிற எண்ணம் ஏற்கெனவே இருக்கு, அதை நான் மதிக்கிறேன். அதே எண்ணத்தோட 1800 11 2356க்கு ஒரு போன் பண்ணுங்க, கட்டணம் இல்ல. இல்லைன்னா பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட போங்க. நிகோடின் சூயிங்கம், மாத்திரைன்னு உதவி இருக்கு. ஒரு தடவை விட்டு மறுபடி ஆரம்பிச்சிருந்தாலும் கூச்சப்படாம சொல்லுங்க.